கோப்பை நகர்த்தியதும் ஸ்பிங்க்ஸ் ஆவணத்தில் இணைப்புகள் அறுந்துபோனால்

எழுத்துக் கோப்புகளிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸில் ஒரு பக்கத்தை வேறு கோப்புறைக்கு மாற்றியதும் இணைப்புகள் அறுந்தன, ஓரிரு இடங்களில் ‘ரெஃப்’ போட்டும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோப்பின் பாதையை வைத்து இணைக்கும் ‘டாக்’ (:doc:) கட்டளையை விட்டுவிட்டு, பக்கத் தலைப்புக்கு மேலே ஒரு லேபிள் (அடையாளப் பெயர்) வைத்து ‘ரெஃப்’ (:ref:) கட்டளை மூலம் இணையுங்கள். உங்கள் ‘டபிள்யூஎம்எஸ் (இணையம் வழியே வரைபடம் தரும் சேவை) அடுக்குகள்’ பக்கத்தை வேறு கோப்புறைக்கு மாற்றியதும் இணைப்புகள் வெறும் எழுத்தாக நிற்பதற்குக் காரணம் அந்தப் பாதைதான். ‘ரெஃப்’ லேபிளின் பெயரை மட்டுமே தேடும். கோப்பு எங்கே போனாலும் கவலையில்லை.

ஓரிரு இடங்களில் ‘ரெஃப்’ போட்டும் வரவில்லை என்கிறீர்களே, அங்கே அடிக்கோட்டைப் பாருங்கள். லேபிளை வரையறுக்கும்போது பெயருக்கு முன்னால் அடிக்கோடு வேண்டும், அழைக்கும்போது கூடாது. லேபிளை ஒட்டித் தலைப்பு வராமல் ஒரு பத்தி வந்தாலும் சிக்கல்தான். அப்போது இணைப்பில் காட்டவேண்டிய எழுத்தை நீங்களே கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க:

1. ஆவணத்தை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ்-பில்ட் கட்டளையைப் பெரிய ‘ஈ’ (-E) சுவிட்சுடன் ஓட்டுங்கள். பழைய தற்காலிகச் சேமிப்பை விட்டு எல்லாக் கோப்பையும் புதிதாகப் படிக்கும்.
2. கூடவே பெரிய ‘டபிள்யூ’ (-W) போடுங்கள். எச்சரிக்கை வந்தால் பில்ட் தோற்கும், யாரும் கவனிக்காமல் விட முடியாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இதெல்லாம் ஆவணத்துக்குள் இருக்கும் இணைப்புகளுக்குத்தான். உங்கள் வரைபடச் செயலியின் உதவிப் பொத்தான் பழைய பக்க முகவரியை நேரடியாக வைத்திருந்தால் ஸ்பிங்க்ஸுக்கு அது தெரியவே தெரியாது. பில்ட் சுத்தமாக முடியும், பயனருக்கோ ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை வரும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வெப் சர்வரில் ஒரு திசைமாற்றம் போட்டுவிடுங்கள்.