செவ்வாய்க் கிரகத்தில் தைப்பூசம் என்றைக்கு வரும்?

கேள்வி: கடவுள் நம்பிக்கையை வைத்து அறிவியல் புனைகதை எழுத முடியுமா? அதற்கான கற்பனை உலகத்தை எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

முடியும். ஆறு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை முடித்தது மூன்று சிறுகதைகள்தான். ஆனால் அந்தக் கதைகள் நடக்கிற உலகத்துக்கென்று நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. அது எங்கே தொடங்கியது என்று சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் வீட்டு வழக்கம். பத்தாவது படிக்கும்போது நானும் போனேன். நத்தம் தாண்டி ஒரு விடிகாலையில் பாதமெல்லாம் கொப்புளமாகி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்பத்தா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு நீரை வடித்தார். நூலை உருவாமல் இரண்டு பக்கமும் தொங்க விட்டு, "நூல் கிடந்தாத்தான் தண்ணி திரும்பக் கட்டாது" என்றார். மேற்கே நிலா இறங்கிக்கொண்டிருந்தது, முழுசாக இன்னும் இரண்டு நாள் பாக்கி. வலியை மறக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, "நிலாவே இல்லாத ஊர்ல தைப்பூசம் எப்படி அப்பத்தா கும்பிடுவாங்க?" என்று கேட்டேன். "நிலா இல்லாட்டி முருகன் இல்லாமப் போயிருவானா? நாளைத்தான் கணக்குப் பண்ணணும்" என்றார்.

அந்தக் கணக்கைத்தான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் எழுதிய முதல் கதையில் அது இல்லை. கடவுள் இல்லை என்று சொல்லும் ஒரு விஞ்ஞானி செவ்வாய்க்குப் போகிறார், புழுதிப் புயலில் சிக்குகிறார், ஆக்சிஜன் தீரப் போகிறது, வேண்டுகிறார், பிழைக்கிறார், பக்தராகிறார். எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஐந்து வேளையும் தொழுகிறவர் அவர். படித்துவிட்டு, "இந்த ஆளைக் கடைசியில மாத்தணும்னே கூட்டிட்டு வந்திருக்கீங்க. அவருக்குன்னு ஒரு யோசனையும் நீங்க குடுக்கலை" என்றார். அவர் சொன்னது சரி. கடவுள் இருக்கிறாரா என்பதற்குக் கதைக்குள் தீர்ப்பு எழுதப் போனால் பாத்திரங்கள் சாட்சிகளாகிவிடுகிறார்கள். நம்புகிறவர் நம்பிக்கையோடு எப்படி வாழ்கிறார், காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்று எழுதினால் கதை தானாக மூச்சு விடுகிறது. அந்த நண்பர்தான் எனக்கு ஷேக் முஸாபர் ஷுக்கோரைப் பற்றிச் சொன்னார்.

ஷேக் முஸாபர் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர். 2007 அக்டோபர் 10 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது ரமலான் மாதம். அந்த நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும், ஒரு நாளில் பதினாறு சூரிய உதயம். ஐந்து வேளைத் தொழுகையை எந்த உதயத்தை வைத்துக் கணக்கிடுவது? தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசை, அதாவது மக்காவின் கஅபா இருக்கும் பக்கம், நொடிக்கு நொடி மாறுகிறதே, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது? மலேசிய மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழிகாட்டுதலே வெளியிட்டார்கள். வேளைகளுக்குக் கிளம்பிய ஊரின் நேரம். திசைக்கு, முடிந்தால் கஅபா, இல்லையென்றால் அதற்கு நேர் மேலே உள்ள வெளி, அதுவும் முடியாவிட்டால் பூமி இருக்கும் பக்கம், எதுவுமே இயலாவிட்டால் எந்தத் திசையானாலும் சரி. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூமியின் பக்கம் திரும்பித் தொழுவது என்ற ஒரு காட்சிக்குள் எத்தனை கதைகள் இருக்கின்றன!

உங்கள் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அதில் ஒரு நாள், ஒரு திசை, ஒரு தண்ணீர், ஒரு நெருப்பு இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து வேறொரு உலகத்தில் கொண்டுபோய் வையுங்கள். அங்கே அது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். நான் நாளை எடுத்துக்கொண்டேன்.

சரி, கணக்கு. தை மாதத்தில், சூரியன் மகரத்தில் இருக்க, பௌர்ணமியை ஒட்டிச் சந்திரன் பூச நட்சத்திரத்துக்கு வரும் நாள் தைப்பூசம். ஆக நட்சத்திரம், சூரியன், சந்திரன் மூன்றும் வேண்டும். செவ்வாயில் போய் நின்றால் இவை என்ன ஆகும்?

நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. பூசத்து விண்மீன்கள் நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கின்றன. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே மிஞ்சிப்போனால் 22 ஒளி நிமிடம். பழனி மலையிலிருந்து தெரிகிற அதே பூசம் அங்கேயும் தெரியும். இது புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போனவர்களுக்கும் அந்த 27 நட்சத்திரமும் கூடவே வருகின்றன.

சூரியனுக்கு வருவோம். செவ்வாயின் வருடம் நம் நாள் கணக்கில் 687. அதன் பாதை நம்முடையதைவிட நன்றாக நீண்ட நீள்வட்டம், அதனால் சூரியன் எல்லா ராசியிலும் ஒரே அளவு தங்காது. நம் தமிழ் மாதங்களும் அப்படித்தானே? மார்கழி 29 நாளில் முடிந்துவிடும், ஆனி 32 வரை போகும். அங்கே அதே முறையில் கணக்கிட்டால் குறுகிய மாதம் ஏறக்குறைய 46 செவ்வாய் நாள், நீண்டது 67. போட்டுப் பார்த்தேன்: குறுகியது ஆவணி, நீண்டது மாசி. தமிழ் மாதம் சூரியன் நகர்வதை அப்படியே பின்தொடர்கிறது. அதனால் எதையும் வளைக்காமல் செவ்வாய்க்குக் கொண்டுபோக முடிகிறது.

நிலாவில்தான் சிக்கல் வெடித்தது. செவ்வாய்க்கு இரண்டு நிலா. அதில் ஒன்றான போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயைச் சுற்றிவிடுகிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகம் என்பதால் அங்கே நிற்பவருக்கு அது மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். அதை நிலாவாக எடுத்துக்கொண்டால் ஒரு நாளுக்குள் மூன்று பூசம் வந்துவிடும். என் கதைகளில் செவ்வாயில் குடியேறியவர்களில் ஒரு கூட்டம், 'இந்த மண்ணுக்கு இந்த நிலாதான், அதற்கேற்ற விதியை நாம் எழுதிக்கொள்வோம்' என்கிறது. இன்னொரு கூட்டம் நம் நிலாவை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 2014 ஜனவரியில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயிலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. அந்தி வானத்தில் பூமி ஒரு வெள்ளிபோல மின்னும், அதை ஒட்டி ஒரு சின்னப் புள்ளியாக நிலா. வெறும் கண்ணுக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரியுமாம். அந்தப் புள்ளியை வைத்துத்தான் திதி பார்க்க வேண்டும் என்கிறார்கள் இவர்கள். மூன்றாவது கூட்டம் எதையும் பார்ப்பதில்லை. பழனியில் என்றைக்கோ அன்றைக்கு. அப்படியானால் அவர்களுக்கு ஒரு செவ்வாய் வருடத்தில் பெரும்பாலும் இரண்டு தைப்பூசம்.

வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதி சொல்லும் ஊர் நம்முடையது. எனவே இந்தச் சண்டையை எழுத நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மூன்று கணக்கிலிருந்து மூன்று தெரு வந்தது, இரண்டு கோயில் வந்தது, கல்யாணம் பேசும்போது "நீங்க எந்த நிலா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. கற்பனை உலகத்தைக் கட்டுவது என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு அது இப்படித்தான் வந்து சேர்ந்தது. வரைபடம், அரசாங்கம், ஆயுதம் எதையும் நான் முதலில் யோசிக்கவே இல்லை.

இதில் எனக்குப் பெரிய துணை, ஏற்கெனவே கடல் தாண்டிப் போனவர்கள். மலாயாவுக்குப் போன தமிழர்கள் பத்துமலைக் குகையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடுகிறார்கள். குகை வாசல் வேல் வடிவில் தெரிந்ததால் அங்கே முருகனை வைத்தார்கள் என்பார்கள். மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு. அங்கே தை மாதம் நடுக் கோடைகாலம், புயல் பருவம். இங்கே பனியில் நடந்த கால்கள் அங்கே கொதிக்கிற தாரில் நடந்தன. தெரியாத மண்ணில் ஒரு பாறையைப் பார்த்து 'இதுதான் மலை' என்று முடிவு செய்யும் அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? செவ்வாய்க் கதை எழுதுகிறவர் கப்பலேறிப் போனவர்களின் வரலாற்றைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்பேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'இதெல்லாம் நம் முன்னோருக்கு அன்றே தெரியும்' என்ற பாதையில் போய்விடாதீர்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்களைச் சொல்லி, அவையெல்லாம் வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கிற தூசு போலச் சிறுத்துத் தெரியும்படி இறைவன் பெரியவன் என்கிறார். இதை வானியல் ஆதாரமாகக் காட்டி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் அண்டங்களை எண்ண உட்காரவில்லை. எங்கள் ஓட்டு வீட்டில் மத்தியானம் கூரை இடுக்கு வழியாக ஒரு கீற்று இறங்கும், அதில் தூசு மெல்லச் சுழலும், அப்பத்தா அதன் கீழே அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். அந்தத் தூசு ஒவ்வொன்றும் ஒரு அண்டம் என்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறதே, அது வாசகருக்கும் வர வேண்டும். அதற்காகத்தான் நான் எழுதுகிறேன்.

அறிவியலில் மட்டும் சலுகை எடுக்காதீர்கள். கணக்குக் கறாராக இருக்கும்போதுதான் பக்திக்கும் கனம் கூடுகிறது. அங்கே ஈர்ப்பு விசை நம்மில் 38 விழுக்காடு. பத்துக் கிலோ காவடி தோளில் நான்கு கிலோகூடத் தெரியாது. அப்போது நேர்த்தி நிறைவேறியதாகுமா, இல்லை எடையைக் கூட்ட வேண்டுமா? பழனி தீபாராதனையை நேரலையில் பார்த்தால் படம் வந்து சேர மூன்று முதல் 22 நிமிடம் ஆகும். இவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அங்கே கர்ப்பூரம் அணைந்திருக்கும். அப்புறம், ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்து இரண்டு வாரம் தொடர்பே நம்பகமாக இருக்காது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அந்த இரண்டு வாரத்துக்குள் தைப்பூசம் வருகிறது. நேரலை இல்லை. எண்பது தாண்டிய ஒரு அப்பத்தா, ஒரு கர்ப்பூரம் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். காற்றுக்குப் பொறுப்பான பெண் மறுக்கிறாள். மூடிய கூண்டுக்குள் தீ என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அவள் மறுப்பது நியாயம்தான். கிழவி சண்டை போடவில்லை. "எவ்வளவு காத்துத் திங்கும், கணக்குப் பண்ணிச் சொல்லு" என்கிறாள். ஒரு கிராம் கர்ப்பூரம் முழுதாக எரிய மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான ஆக்சிஜன் வேண்டும். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம். ஆக, ஒருவர் ஐந்து நிமிடம் விடுகிற மூச்சு.

"அப்ப என் பங்குல அஞ்சு நிமிஷத்தைக் கழிச்சுக்க ஆத்தா" என்கிறாள் அப்பத்தா. அந்தப் பெண் பதிவேட்டைத் திறக்கிறாள். அதுவரைக்கும் எழுதியிருக்கிறேன்.