கதை தெரியாமல் போய் உட்காருவது

அன்புள்ள சார்,

இரண்டு வருடமாக நான் டிரெய்லர் பார்ப்பதில்லை. விமர்சனம் படிப்பதும் படம் பார்த்த பிறகுதான். என் மனைவி நேர் எதிர். எந்தப் படமானாலும் முதலில் விக்கிப்பீடியாவில் முழுக் கதையையும் படித்துவிடுவாள். "குழந்தை சாகுமா, சாகாதா? அது தெரிஞ்சாத்தான் நிம்மதியா பார்ப்பேன்" என்பாள். அவள் செவிலியர், அதனால் நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் அலுவலகத்தில் என்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள். கதை முன்பே தெரிந்தால் ரசனை கூடும் என்று ஆராய்ச்சியே இருப்பதாக ஒருவர் கட்டுரை அனுப்பினார். கதை தெரிந்தால் கெட்டுப்போகிற படம் நல்ல படமே இல்லை என்கிறார் இன்னொருவர். நான் செய்வது வெறும் பந்தாதானா? முடிந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு படமும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

பந்தா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். "நான் டிரெய்லரே பார்க்கிறதில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்வதில் ஒரு சுகம் உண்டு. எனக்கும் உண்டு. அது கிடக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்பட விழாவில் அரங்கு மாறி உட்கார்ந்துவிட்டேன். நான் பார்க்க நினைத்த படம் பக்கத்து அரங்கில். விளக்கணைந்து பெயர்கள் ஓடிய பிறகுதான் உறைத்தது. வரிசையின் நட்டநடுவில் இருந்தேன், எழுந்து போகக் கூச்சம். சரி, நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

திரையில் ஒரு வயதானவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். முதலில் காலர், பிறகு கைகள், அப்புறம் பொத்தான்களுக்கு நடுவே பெட்டியின் முனையை விட்டு விட்டுப் பொறுமையாக. மடித்து ஒரு சூட்கேஸில் வைக்கிறார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். திரும்ப எடுத்து, உதறி, ஹேங்கரில் மாட்டுகிறார். பேச்சும் இல்லை, இசையும் இல்லை. எனக்கோ மூளை பரபரக்கிறது. எங்கேயாவது கிளம்புகிறாரா? கிளம்ப வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரா? தோள்பட்டையைப் பார்த்தால் சட்டை இவருக்குப் பற்றாது போலிருக்கிறதே, அப்படியானால் யாருடையது? சுமார் 25 நிமிடம் கழித்து, தொலைபேசியில் போகிற போக்கில் சொல்லும் ஒரு வாக்கியத்தில் அது தெரியவந்தது. அதற்குள் அந்த மனிதரை நான் மூன்று வேறு வேறு ஆட்களாக நினைத்துப் பார்த்து முடித்திருந்தேன்.

வெளியே வந்து விழாக் கையேட்டைப் புரட்டினேன். படத்துக்கு இரண்டே வரியில் அறிமுகம். முதல் நான்கு சொற்களிலேயே அந்த 25 நிமிடமும் காலி. எழுதியவர் மேல் தப்பில்லை, ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால், இஸ்திரி போடும்போதே 'ஓ, அதற்காகத்தான்' என்று எனக்குப் புரிந்திருக்கும். புரிந்த பிறகு யார் சட்டையைக் கவனிக்கப் போகிறார்கள்? (படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.)

கதையைச் சொல்லிக் கெடுப்பது என்றால் எல்லோரும் கிளைமாக்ஸைத்தான் நினைக்கிறார்கள். கொலைகாரன் யார், கடைசியில் சேர்ந்தார்களா, இப்படி. என் அனுபவத்தில் அதிகம் பறிபோவது முதல் அரைமணி நேரம். இது எந்த மாதிரிப் படம், இவர்களில் யாரை நம்பலாம், யார் பின்னால் போக வேண்டும் என்று நாமே தடவித் தடவிக் கண்டுபிடிக்கும் நேரம் அது. 'ஒன்றும் சொல்லவில்லை, ஆரம்பத்தை மட்டும்தான் சொன்னேன்' என்பவர்கள் கைவைப்பது சரியாக அங்கேதான்.

1991-இல் வந்த 'டெர்மினேட்டர்' இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்திலிருந்து இரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள். இருவரும் ஒரே சிறுவனைத் தேடுகிறார்கள். ஒருவன் கொல்ல வந்தவன், இன்னொருவன் காக்க வந்தவன். எவன் எவன் என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்லாமலே நகர்கிறது. முதல் பாகத்தில் அர்னால்ட் வில்லன், இதில் மற்றவன் போலீஸ் சீருடையில் இருக்கிறான். பார்ப்பவர்கள் தப்புக்கணக்குப் போட வேண்டும் என்றே அமைத்த ஏற்பாடு. ஆனால் அர்னால்ட் இந்த முறை நல்லவர் என்பதை விளம்பரமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. நானும் அது தெரிந்துதான் பார்த்தேன். பிடித்திருந்தது. ஏதோ கையைவிட்டுப் போனதாகத் தோன்றவே இல்லை.

பல வருடம் கழித்து என் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. முதல் பாகம் பார்த்திருந்தான், இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட நடைவழி. ஒரு பக்கம் அர்னால்ட், கையில் ரோஜாப்பூப் பெட்டி. இன்னொரு பக்கம் போலீஸ்காரன். நடுவில் சிறுவன். பெட்டியிலிருந்து பூக்கள் சரிய, உள்ளேயிருந்து துப்பாக்கி வருகிறது. பையன் சோபாவின் நுனிக்கு வந்து, "டேய், போலீஸ்கிட்ட ஓடுடா!" என்று கத்தினான். அடுத்த சில நொடிகளில் அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று புரிந்தது. (இந்த ரகசியத்தை இங்கே உடைத்ததற்காக என்னைத் திட்டாதீர்கள். 1991-லேயே உடைந்தது.)

சரி, அந்த ஆராய்ச்சி. 2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடத்தியது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசிக்கக் கொடுத்த கதைகளுக்கு வாசித்தவர்கள் சற்று அதிக மதிப்பெண் போட்டார்கள். உண்மைதான். ஆனால் அவை சிறுகதைகள், அதுவும் காகிதத்தில். இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பது வேறு சமாச்சாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் மாறான முடிவு சொல்பவையும் உண்டு. இதையெல்லாம் விடுங்கள். தெரிந்து பார்ப்பதிலும் ரசனை உண்டு என்பதை நான் மறுக்கவே இல்லை. பிடித்த படத்தை ஐந்தாவது முறை பார்ப்பவன்தானே நானும். அந்த ரசனை எங்கேயும் ஓடிப்போகாது, எப்போது வேண்டுமானாலும் இரண்டாம் முறை பார்த்துக்கொள்ளலாம். முதல் முறையைத்தான் திரும்பப் போய் வாங்க முடியாது. நல்ல படம் கெட்டுப்போகாது என்கிற உங்கள் நண்பருக்கும் இதுதான் பதில். படம் கெடாது. உங்களுக்கு ஒரு தடவை குறையும்.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கை யாராவது எதிர்வாதத்துக்கு இழுத்து வரலாம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு, சொல்லாவிட்டால் பதினைந்து நொடி அதிர்ச்சி மட்டும் என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னவர் அவர். ஆனால் குண்டு இருப்பதைச் சொல்வது இயக்குநர், அவர் நினைத்த நேரத்தில், படத்துக்குள்ளேயே. அதே மனிதர் 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். அமெரிக்காவில் அப்போது பாதிப் படத்தில் நுழைவதும், விட்ட பாதியை அடுத்த காட்சியில் பார்த்துவிட்டு எழுந்து போவதும் சர்வசாதாரணம். அந்தப் படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடாதீர்கள்.

இன்னொரு ரகம் உண்டு. "நான் எதுவும் சொல்லமாட்டேன், ஆனா கடைசியில ஒண்ணு இருக்கு பாருங்க" என்று கண்ணடிப்பவர்கள். அதற்கு முழுக் கதையையே சொல்லித் தொலைக்கலாம். அப்புறம் நாம் படம் பார்ப்பதில்லை, துப்பறிகிறோம். டீ கொண்டுவந்து வைக்கிற ஆளைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறோம்.

உங்கள் மனைவியைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமனைக் கம்பன் எப்படிப் பேசவைக்கிறான்? "கண்டனென்" என்பதுதான் முதல் சொல். 'சீதையை' என்று தொடங்கினால் அடுத்த சொல் வருவதற்குள் ராமன் உயிர் என்ன பாடுபடும் என்று ரசிகர்கள் காலங்காலமாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். தவிக்கிறவனிடம் முடிவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பகலெல்லாம் நோயாளிகளோடு இருந்துவிட்டு வருகிறவருக்குக் குழந்தை பிழைக்குமா என்பது கதைச் சுவாரசியம் ஆகாது. அவர் படித்துக்கொள்ளட்டும். உங்களிடம் சொல்லாமல் இருந்தால் போதும். படம் ஓடும்போது உங்கள் கையை அழுத்தாமலும் இருக்க வேண்டும், அதுவும் தகவல்தான்.

ஒன்றும் தெரியாமல் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு இயக்குநர் பெயரும் படத்தின் நீளமும் போதும். மேற்கொண்டு வேண்டுமானால், ரசனையில் ஒத்துப்போகிற ஒரு நண்பர் இருக்கிறார். "பாரு" அல்லது "வேண்டாம்", அதற்கு மேல் பேசமாட்டார். இப்படியும் மொக்கைப் படங்களில் மாட்டியிருக்கிறேன். ஒரு முறை மனநிலை சரியில்லாத நாளில், போர் முடிந்த ஊரில் பிணங்களை அடையாளம் காட்டும் படத்தில் போய் உட்கார்ந்து இரண்டு நாள் தூக்கம் போனது. அன்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது நிஜம்.

நீங்கள் கேட்ட படத்தின் பெயரைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பெயர் மட்டும்தான் இருக்கும். கூடவே உங்கள் மனைவிக்கென்று இன்னொரு மின்னஞ்சல் வரும். அதை நீங்கள் திறக்க வேண்டாம்.