பொங்கல் வேலைக்கு நடுவே ஓர் அனுதாப அட்டை

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டில் மரணம் நேர்ந்தால், கடையில் வாங்காமல் என் கையாலேயே அனுதாப அட்டை செய்து கொடுப்பது வழக்கம். இந்த மார்கழிக் குளிரில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பாட்டி ஒருவர், பண்டாரவளையிலுள்ள தோழியின் கணவர், உடன் பணிபுரியும் சிங்கள ஆசிரியையின் தந்தை என மூவர் அடுத்தடுத்துக் காலமானார்கள். வீட்டிலோ பிள்ளைகளுக்கு விடுமுறை. சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் கணவரும் கொழுந்தன்மாரும் பொங்கலுக்கு வருகிறார்கள். "நல்ல நாள் வருகிற நேரத்தில் இழவுக் காகிதத்தை வீட்டில் பரப்பாதே" என்கிறார் மாமியார். ஓர் அட்டைகூட முடியவில்லை. காலம் கடந்துவிட்டதா? இந்த முறை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காலம் கடக்கவில்லை, விட்டுவிடவும் வேண்டாம். மரணம் நடந்த வீட்டில் முதல் சில நாட்கள் எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். லயத்துக்கு லயம் ஆட்கள் வந்து நிற்பார்கள். யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த தோட்டத்து உறவுகள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேரும் அட்டையைப் பிரித்துப் படிக்க அவர்களுக்குக் கண்ணும் இருக்காது, மனமும் இருக்காது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகுதான் அந்த வீடு வெறிச்சோடும். கையால் செய்த அட்டை போக வேண்டிய நேரம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் மரணம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பொங்கல் வைக்கும் வழக்கம் இல்லை. லயம் முழுவதும் வாசலில் கோலமிட்டுப் பால் பொங்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும். அதற்கு அடுத்த வாரத்தில் உங்கள் அட்டை அந்த வாசலுக்குப் போனால், அதைத் தாமதம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மாமியாரின் சொல்லைத் தட்டிவிட வேண்டாம். மங்கலக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவதும், கருமாதிக் கடிதத்தின் ஓரத்தில் கறுப்பு மை இடுவதும் நம் வழக்கம். காகிதத்தைத் தொட்டவுடனே செய்தி தெரிய வேண்டும் என்று பழகிய தலைமுறை அவருடையது. ஆகவே சாமி படம் இருக்கும் பக்கத்தில் பரப்பாமல், ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் போட்டு மூடிவைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் எடுங்கள். பொங்கலுக்கு இரண்டு நாட்கள் முன்பே டின்னை மூடிவிட்டு, பொங்கல் கழிந்த பின் மீண்டும் திறக்கலாம். அட்டையின் ஓரத்திலும் கறுப்புக் கரை போடாதீர்கள். அது இழந்தவர்கள் ஊருக்கு அறிவிக்கும் அடையாளம். ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு உரியது அல்ல.

இனி வேலை. ஏ4 தாளில் சற்றுத் தடித்த வகையை வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டினால், ஒவ்வொரு பாதியும் மடித்தபின் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டையாகும். 114க்கு 162 மில்லிமீட்டர் கடித உறையில் அது சரியாக அடங்கும். இரண்டு தாள்கள் போதும். மூன்று அட்டைகளுக்கு மேல் ஒன்று கெட்டுப்போவதற்கும் இடமிருக்கும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த போல்பொயின்ட் பேனாவால் அடிமட்டத்தை வைத்து ஒருமுறை அழுத்திக் கீறிக்கொண்டால், மடிப்பு வெடிக்காமல் நேராக விழும்.

மார்கழியில் நம் மலைகளில் பெரும் தொல்லை ஈரம்தான். நீர்வண்ணம் காய ஒரு பகல் எடுக்கும், அதற்குள் தாள் வளைந்துவிடும். ஜெல் பேனா மை பனியில் பரவும். அதனால் வண்ணத்தைக் கைவிட்டு, கடும் தேயிலைச் சாயத்தை வடிகட்டி ஆறவைத்து, பஞ்சால் தாளின் ஒரு மூலையில் மட்டும் இலேசாக ஒற்றுங்கள். மங்கிய பழுப்பு நிறம் கிடைக்கும். அடுப்படிச் சூட்டில் காயவிட்டு, பலகைக்கு அடியில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவிட்டால் காலையில் தாள் படிந்திருக்கும். அதன்மேல் ஒட்ட, தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் கிரவில்லியா மரத்து இலையின் ஒரு கீற்று போதும். மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெள்ளி நிறமாகவும் இருக்கும் அந்த இலையை, வெள்ளி நிறம் மேலே தெரியும்படி ஒட்டுங்கள். அதற்கு முன் பத்திரிகைத் தாள்களுக்கு இடையே ஒரு வாரம் அழுத்தி வைக்க வேண்டும். முதல் நாட்களில் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பைண்டர் கம்மைத் தீக்குச்சி நுனியால் இலையின் நடு நரம்பில் மட்டும் தடவுங்கள். இதற்கு மேல் அலங்காரம் எதுவும் தேவையில்லை என்பேன். மினுமினுப்பும் ரிப்பனும் இந்த அட்டைக்கு ஒட்டாது.

மிச்சப்படும் நேரத்தையெல்லாம் உள்ளே எழுதும் இரண்டு மூன்று வரிகளுக்குக் கொடுங்கள். என் அம்மா காலமானபோது வந்த அட்டைகளில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அச்சிட்டிருந்தவை எவை எவை என்று இன்று எனக்கு நினைவில்லை. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த பாதித் தாள் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். அம்மாவுடன் கொழுந்து பறித்த ஒருவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் எழுதியது: "உங்கம்மா தன் நிரையை முடிச்சிட்டு வீட்டுக்குப் போகமாட்டாங்க. என் நிரைக்கு வந்து கை கொடுப்பாங்க." பக்கத்து மலையில் அம்மா அப்படி அடுத்தவரின் செடி வரிசையில் நின்றது பிள்ளைகளாகிய எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. அந்தத் தாளில் பூவும் இல்லை, விளக்கும் இல்லை.

அப்படி ஒரு வரியைத் தேடுங்கள். லயத்துப் பாட்டியைப் பற்றி உங்களைவிட உங்கள் மாமியாருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். முறுக்குச் சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாட்டி வாலிபத்தில் எப்படி இருந்தாங்க, அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவர் சொன்னதாகவே குறிப்பிடுங்கள். பண்டாரவளைத் தோழிக்குக் கணவரின் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள்; அந்தப் பெயரைச் சொல்லவே எல்லோரும் அஞ்சும் வீட்டில் அது பெரிய ஆறுதல். சிங்கள ஆசிரியைக்கு வெள்ளைத் தாளே பொருத்தம். அவர்கள் வீட்டில் பிக்குகளுக்கு அன்னமளிக்கும் ஏழாம் நாள் தானம் முடிந்திருந்தாலும் மூன்றாம் மாதத் தானம் இருக்கிறது. அதற்கு முன் கொடுத்தால் போதும்.

பாட்டியின் வீட்டுக்கு நீங்களே நடந்து போய்க் கொடுங்கள். பண்டாரவளைக்கு அனுப்பும் முன், தோழி இருப்பது தோட்டத்திலா டவுனிலா என்று பாருங்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்தில் தேங்கிவிடுகிறது. என் பெயருக்கு வந்த ஒரு கடிதமே மூன்று வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. தோட்டம் என்றால், பொங்கலுக்கு வந்து அந்தப் பக்கம் திரும்பிப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உறையை மட்டும் ஒட்டிவிட வேண்டாம்; பொங்கலுக்குப் பிறகு வேறொரு வரி உங்கள் நினைவுக்கு வரலாம்.