கயிறா, தூக்கியா, கெரியரா?

கேள்வி: கொழும்பிலிருந்து வரும்போது புணானைக்குக் கிட்ட எங்கள் அக்வா கார் இரவில் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுப்போம் என்றார் மைத்துனர். வந்த லொறிக்காரரோ, முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க ஒரு விலையும் முழுக் காரையும் கெரியரில் ஏற்ற அதைவிடக் கூடின விலையும் சொன்னார். ஏற்றியே கொண்டுவந்தோம். வீண்செலவு என்று வீட்டில் இப்போது பேச்சு. உண்மையா?
- கழுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: வீண்செலவு இல்லை, தங்கச்சி. கயிற்றை மறுத்தது மிகச் சரி.

அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார். முன்சில்லுகள் உருண்டால் அவற்றோடு பிணைந்த மோட்டாரும் சுழன்று, நின்ற காரிலும் மின்சாரம் பிறந்து சேதம் செய்யலாம். சாதாரண ஓட்டோ கியர் கார்களுக்கும் கயிறு ஆகாது. கியர் பொக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்றபடி இழுத்தால் உள்ளே காய்ந்து தேயும்.

முன்பக்கத்தைத் தூக்கி இழுத்திருந்தாலும் பிழையில்லை. அக்வாவுக்கு இழுவை முன்சில்லில். பின்சில்லு சும்மா உருளும், ஹாண்ட் பிரேக்கை விட்டால் போதும். ஆனால் புணானையிலிருந்து உங்கள் ஊர் தூரம், யானை நடமாடும் பாதை, என்ன பழுதென்றும் தெரியாது. நானும் கெரியரைத்தான் கேட்டிருப்பேன்.

டொல்பின் வான் போன்ற பின்சில்லு இழுவை வாகனங்களுக்கு இது தலைகீழ்: பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். நாலு சில்லும் இழுக்கும் ஜீப் என்றால் நாலும் நிலத்தைத் தொடக்கூடாது, கெரியர்தான். சங்கிலியும் கொக்கியும் போட்டுத் தூக்கும் பழைய முறை இன்றைய பிளாஸ்டிக் பம்பரை உடைத்துவிடும். விபத்தில் நொறுங்கியதை அப்புறப்படுத்த மட்டும் அது போதும். பஸ், லொறிகளை இரும்புத் தண்டு பூட்டி இழுப்பார்கள். காற்று பிரேக் இறுகியிருக்கும், அதை விடுவிக்க மெக்கானிக் வேண்டும்.

கயிறு எதற்கு? மனுவல் கியர் வாகனத்தை நியூட்ரலில் போட்டு, கிட்டடிக் கராஜ் வரை மெதுவாகக் கொண்டுபோக. திறப்பைக் கழற்றவே வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், பலமாக மிதித்தால்தான் பிடிக்கும். இது தெரியாதவரைப் பின்வாகனத்தில் இருத்தினால் முன்வாகனத்தில் போய் மோதுவார்.

பேரம் ஏற்றுமுன்னரே முடிய வேண்டும். லொறி வந்த தூரமும் திரும்பும் தூரமும் சேர்த்தா, வின்ச்சால் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) இழுத்து ஏற்ற வேறு காசா என்று கேளுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் முதல் அழைப்பு கம்பனிக்கே. சில ஒப்பந்தங்களில் இழுவைச் செலவும் அடங்கும், பற்றுச்சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. பேசியதற்கு மேல் பறித்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

கேள்வி: மார்கழி வெள்ளத்தில் காருக்குள் சீற் வரை தண்ணீர். வடிந்துவிட்டது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: வேண்டாம். திறப்பையே திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் ஒரு சுற்றிலேயே பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையலாம். தள்ளி ஸ்டார்ட் பண்ணினாலும், கியரில் போட்டுக் கயிற்றால் இழுத்தாலும் அதே சேதம்தான். தண்ணீர் நின்ற உயரம் தெரியப் படம் எடுத்து, காப்புறுதிக்கு அறிவித்து, கெரியரில் ஏற்றுங்கள். ஹைபிரிட் என்றால் உயர் மின்னழுத்தச் செம்மஞ்சள் வயர்களில் கையே வைக்காதீர்கள்.