ஒஸ்டகார் களத்தில் லோகெய்ன்: பின்வாங்கலா, துரோகமா? – கேள்வி பதில்

2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில், ஃபெரல்டன் நாட்டின் தெற்கு எல்லையிலுள்ள ஒஸ்டகார் கோட்டையில் மன்னர் கெய்லன், டார்க்ஸ்பான் என்னும் அரக்கக் கூட்டத்தை எதிர்கொள்கிறார். மன்னரும், அந்த அரக்கர்களை எதிர்ப்பதற்கென்றே உள்ள கிரே வார்டன் வீரர்களும் பள்ளத்தாக்கில் எதிரியைத் தாங்கி நிற்பார்கள். கோபுரத்தில் தீ மூட்டப்பட்டதும், மன்னரின் மாமனாரும் நாட்டின் பெருந்தளபதியுமான லோகெய்ன், மறைந்திருக்கும் படையோடு பக்கவாட்டில் பாய்வார். இதுதான் திட்டம். தீ மூண்டது; லோகெய்ன் பாயவில்லை, படையைத் திருப்பிக்கொண்டு போனார். அது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

கேள்வி: துரோகத்தை விடுங்கள். அந்தத் திட்டமே தேறுமா?

அடிப்படை எண்ணம் தேறும். ஒரு படை பட்டடையாக நின்று தாங்க, மற்றொன்று சம்மட்டியாக விழுவது மிகப் பழைய உத்தி. ஆனால் ஒஸ்டகாரில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, சமிக்ஞை. மழை பெய்யும் இரவில், ஒரே ஒரு கோபுரத்தின் ஒரே ஒரு தீயை நம்பிப் பாதிப் படையைக் காத்திருக்க வைத்தார்கள். தீயால் ‘இப்போது வா’ என்று மட்டுமே சொல்ல முடியும். ‘தாமதமாகிவிட்டது, முன்னணி பாதி சரிந்துவிட்டது, வேறு பக்கமாக வா’ என்று சொல்ல முடியாது. கி.மு. 216இல் கன்னே போரில் ஹன்னிபாலின் குதிரைப்படை, ரோமானியக் குதிரைப்படையை விரட்டிவிட்டு எந்தத் தீக்கும் காத்திராமல் ரோமானியக் காலாட்படையின் முதுகில் வந்து விழுந்தது. களத்தைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை அதன் தலைவனிடம் இருந்தது. ஒஸ்டகாரில் கோபுரம் வேண்டியதில்லை, மந்திரவாதிகளே பார்த்துக்கொள்வார்கள் என்று மந்திரவாதி உல்ட்ரட் ஆலோசனைக் கூட்டத்தில் சொல்லத் தொடங்கியபோது, மதகுரு அம்மையார் அவர் வாயை அடைத்தார். இரண்டாவது வழி ஒன்றை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அங்கேயே போயிற்று. கடைசியில் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி எதிரி உள்ளே புகுந்துவிட்டதால், தீ மூட்டச் சென்ற இரு வார்டன்கள் மாடி மாடியாகப் போரிட்டு ஏற வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. வில்லாளர்கள் அம்பு எய்து, போர்நாய்களை ஏவியபின், மன்னர் தம் படையை முன்னே பாயச் சொல்கிறார். குறுகிய இடத்தில் நின்று தாங்க வேண்டிய பட்டடை, தானே எழுந்து திறந்தவெளிக்கு ஓடிய கதைதான் அது. எண்ணிக்கையில் மிஞ்சிய எதிரிக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லோகெய்ன் மீது வரும் கோபத்தில் கால் பங்கு கெய்லன் பக்கம் திரும்பிவிடுகிறது.

கேள்வி: மன்னர் முன்வரிசையில் நின்றதே முட்டாள்தனம் அல்லவா? லோகெய்னும் அதைத்தானே சொன்னார்?

சொன்னார், அது அவர் பக்கம் நிற்கும் சாட்சியம்தான். ஆனால் முன்வரிசையில் நிற்பது மட்டுமே முட்டாள்தனம் ஆகாது. கன்னேயில் ஹன்னிபால் நின்றதும் வளைந்து கொடுக்க வேண்டிய நடுப்பகுதியில்தான். மன்னன் விழுந்தால் படை என்ன ஆகும் என்பதற்கு ஏற்பாடு இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1054ஆம் ஆண்டையொட்டி நடந்த கொப்பத்துப் போரில் முதலாம் இராசாதிராச சோழன் யானைமேலேயே உயிர்விட்டான். சோழப்படை கலைந்து ஓடத் தொடங்கியது. அப்போது தம்பி இரண்டாம் இராசேந்திரன் முன்வந்து, ஓடிய படையை நிறுத்தி, வென்று, களத்திலேயே முடிசூடிக்கொண்டான். ஒஸ்டகாரில் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவர் லோகெய்ன். இருவரிடமும் புதிய படை கையிலிருந்தது. ஒருவன் களத்துக்குள் வந்தான், மற்றவர் வெளியே போனார்.

கேள்வி: தீ தாமதமாகத்தான் மூண்டது. அதற்குள் போர் கைமீறியிருந்தால் பின்வாங்குவது சரியான முடிவுதானே?

சரியாகவும் இருக்கலாம். தோற்றுவிட்ட போரில் மீதிப் படையையும் கொண்டுபோய்ப் போடுவது வீரம் அல்ல. ஆனால் நேர்மையாகப் பின்வாங்கும் தளபதிக்கென்று சில அடையாளங்கள் உண்டு. முன்னணிக்கு ஓர் ஆளையாவது அனுப்புவார். சிறு பிரிவைப் பக்கவாட்டில் மோதவிட்டு மன்னர் விலகுவதற்கு வழி திறந்து பார்ப்பார். பின்காப்புக்கு ஆள் நிறுத்துவார். லோகெய்ன் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. அதைவிட முக்கியமாக, காட்சிகளின் வரிசையைப் பாருங்கள்: தீ மூள்கிறது, லோகெய்ன் பின்வாங்க ஆணையிடுகிறார், அதன் பிறகுதான் ராட்சதன் ஒருவன் கெய்லனைக் கையில் பிடித்து நசுக்குகிறான். ஆணை பிறந்த நேரத்தில் மன்னர் உயிரோடு இருந்தார்.

கேள்வி: இது முன்பே திட்டமிட்ட சதியா, அந்த நொடியில் எடுத்த முடிவா?

இரண்டுக்கும் சான்று இருப்பதால்தான் இந்த வழக்கு இத்தனை ஆண்டுகள் இழுக்கிறது.

அந்த நொடியில் எடுத்த முடிவு என்பவர்கள் காத்ரியன் முகத்தைக் காட்டுவார்கள். லோகெய்னின் வலக்கை போன்ற அந்தப் பெண் தளபதி, பின்வாங்கச் சொன்னதும் திகைத்து, மன்னர் என்ன ஆவார் என்று கேட்கத் தொடங்குகிறாள்; அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, சொன்னதைச் செய் என்கிறார். அவளுக்கே தெரியாத சதி என்றால் அதில் பங்காளிகள் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். மன்னர் முன்வரிசைக்குப் போக வேண்டாம் என்று வாதாடியவரும் அவரே.

முன்பே திட்டமிட்டது என்பவர்களின் கையிலுள்ள துருப்புச்சீட்டு ரெட்கிளிஃப் பிரபு ஈமன். மன்னரின் தாய்மாமனான அவருக்கு லோகெய்ன் சொல்லி நஞ்சு கொடுக்கப்பட்டது பின்னர் தெரியவருகிறது. எப்போது கொடுத்தார்கள்? போர் முடிந்து சில நாட்களில் கதாநாயகர் லோதரிங் ஊரை அடையும்போதே, ஈமனின் வீரர்கள் அவரைக் குணமாக்கும் என்று நம்பப்படும் புனிதச் சாம்பலைத் தேடி நாலாபக்கமும் அலைந்து களைத்திருக்கிறார்கள். ஆகவே நஞ்சு போருக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மன்னருக்கு உதவ வரக்கூடியவரை முன்கூட்டியே படுக்கையில் தள்ளியவர், மன்னரைக் கைவிடவும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கதவு வழியாகப் போவதா என்பதைத்தான் தீயைப் பார்த்த பிறகு முடிவு செய்திருக்கிறார் என்று கருதுகிறேன்.

கேள்வி: எப்படியோ, நாட்டின் படையில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார் அல்லவா?

காப்பாற்றிய படையை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். 1071இல் மன்சிகர்ட் களத்தில் பைசாந்தியப் பேரரசர் நான்காம் ரோமனோஸ் மாலையில் பின்வாங்க ஆணையிட்டபோது, அவரைக் காக்க வேண்டிய பின்காப்புப் படையின் தலைவர் ஆண்ட்ரோனிகோஸ் டூகாஸ், பேரரசர் தோற்றுவிட்டார் என்று செய்தி பரப்பிவிட்டுப் படையோடு வெளியேறினார். பேரரசர் செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்சலானிடம் சிறைப்பட்டார். படையில் பெரும்பகுதி தப்பியதென்னவோ உண்மை. ஆனால் விடுதலையாகி வந்த பேரரசருக்கும் டூகாஸ் குடும்பத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டு, 1072இல் ரோமனோஸின் கண்கள் பறிக்கப்பட்டன. அனத்தோலியா கைநழுவியதற்கு அந்த ஒரு நாள் தோல்வியைவிட இந்தச் சண்டையே பெரிய காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

லோகெய்ன் கதையும் அதே தடத்தில்தான் போகிறது. தலைநகர் திரும்பியதும் தம் மகள் அனோராவின் பெயரால் ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார், மன்னர் சாவுக்கு வார்டன்களே காரணம் என்று பழி போடுகிறார், எதிர்த்த பிரபுக்களோடு உள்நாட்டுப் போர் தொடுக்கிறார். தெற்கே அரக்கர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டிருக்க, காப்பாற்றப்பட்ட படை வடக்கே சொந்த மக்களை வெட்டிக்கொண்டிருந்தது. பின்வாங்கலுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம். இதற்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: ஓர்லே நாட்டின் மீதான அவருடைய அச்சம் நியாயம் இல்லையா?

அச்சம் நியாயமானதே. ஃபெரல்டனை ஒருகாலத்தில் ஓர்லே ஆக்கிரமித்திருந்தது; அதை எதிர்த்துப் போராடி, டேன் ஆற்றுப் போரில் பெயர் எடுத்தவர் அவர். ஆனால் முப்பது ஆண்டுக்கு முந்தைய எதிரியையே பார்த்துக்கொண்டு, கண்ணெதிரே நிற்கும் எதிரியைச் சாதாரணக் கொள்ளைக் கூட்டம் போல எடைபோட்டதுதான் அவருடைய மிகப் பெரிய படைத்துறைப் பிழை. அரக்கக் கூட்டத்தை நடத்தும் ஆர்ச்டீமனை வார்டன் ஒருவரால்தான் கொல்ல முடியும் என்னும் இரகசியம் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர்களைக் கூண்டோடு சாகவிட்டார்.

கேள்வி: விளையாட்டின் பிற்பகுதியில், பிரபுக்கள் சபையில் லோகெய்ன் மீதான தீர்ப்பு ஆடுபவரான உங்கள் கையில். தலையை எடுப்பீர்களா, வார்டனாகச் சேர்ப்பீர்களா?

முதல் முறை ஆடியபோது தலையை எடுத்தேன். பின்னர், நீதியை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். நாட்டில் மிஞ்சிய வார்டன்கள் கதாநாயகர், ஆலிஸ்டர், ரியோர்டன் என மூவர். அனுபவம் மிக்க தளபதியைச் சேர்த்தால் நால்வராகும் என்று நினைத்துச் சேர்த்தேன். அதே சபையில் ஆலிஸ்டர் சினந்து விலகிவிட்டான். மறுபடியும் மூவர்.