பதில்: உள்ளடுக்குப் பட்டியலில் மேப்கார் போட்டால் ‘எண் அல்ல’ என்ற பிழை

காமன் லிஸ்ப் என்ற நிரல் மொழியில், பட்டியலுக்குள் பட்டியலாக இருக்கும் எடைகள் ஒவ்வொன்றிலும் 1 கழிக்க மேப்கார் போட்டால் ‘எண் அல்ல’ என்று பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். மேப்கார் என்பது பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனைப் போடுவது. அது மேலடுக்கை மட்டும்தான் தொடும். உள்ளே இன்னொரு மேப்கார் வேண்டும் (லாம்ப்டா என்பது பெயரில்லாத ஃபங்ஷன்):

(மேப்கார் (லாம்ப்டா (வரி) (மேப்கார் #'1- வரி)) எடைகள்)

உங்கள் ரப்பர் ஷீட் எடைகள் ((12 15) (9 11 14)). சாக்குக்கு 1 கிலோ கழிக்க நீங்கள் கொடுத்த 1- (ஒன்றைக் கழிக்கும் ஃபங்ஷன்) என்பதற்குப் போனது 12 அல்ல, (12 15) முழுசாக. பட்டியலில் எப்படிக் கழிக்கும்? மேலே உள்ள வரி ((11 14) (8 10 13)) தரும். படிக்க வசதியாகத்தான் தமிழில் எழுதினேன், மேப்கார், லாம்ப்டா எல்லாம் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

பிறகும் அதே பிழையா? (ஃபர்ஸ்ட் எடைகள்) அடித்து முதல் வரியைப் பாருங்கள். (குலசேகரம் 12 15) என்று ஊர்ப்பெயரோடு வந்தால் அதுதான் வில்லன். பெயரை ஒதுக்கிவிட்டு மீதிக்கு மட்டும் போடுங்கள். லாம்ப்டாவின் உடல் இப்படி (கான்ஸ் பெயரை மறுபடி முன்னால் சேர்க்கும்):

(கான்ஸ் (ஃபர்ஸ்ட் வரி) (மேப்கார் #'1- (ரெஸ்ட் வரி)))

எத்தனை அடுக்கு என்றே தெரியாவிட்டால் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்:

(டீஃபன் ஆழம் (எஃப் எக்ஸ்)
  (இஃப் (லிஸ்ட்பி எக்ஸ்)
      (மேப்கார் (லாம்ப்டா (ஒய்) (ஆழம் எஃப் ஒய்)) எக்ஸ்)
      (ஃபன்கால் எஃப் எக்ஸ்)))

லிஸ்ட்பி (பட்டியலா என்று பார்ப்பது) இருக்கும் இடத்தில் ஆட்டம் (atom, மேலும் பிரிக்க முடியாததா என்று பார்ப்பது) வைத்துச் சோதிக்காதீர்கள். காலிப் பட்டியலும் ஆட்டம்தான். 1- அதையும் வாங்கிக்கொண்டு மறுபடி கத்தும். (அருமனை . 9) மாதிரி புள்ளி வைத்த ஜோடி இருந்தால் இந்த ஃபங்ஷன் உடையும். இதெல்லாம் காமன் லிஸ்ப்புக்கு. ஸ்கீம் என்ற இன்னொரு லிஸ்ப் வகையில் ஃபன்கால் (கொடுத்த ஃபங்ஷனை அழைப்பது) கிடையாது, (எஃப் எக்ஸ்) போதும்.