மிதவைக்குக் கீழே என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மிதவைகளைப் பற்றித்தான். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மண்டபத்தில் வாடகைக்கு வள்ளம் எடுத்துக்கொண்டு நண்பர்கள் நாலைந்து பேர் ஸ்கூபா டைவிங் போகிறோம். வழியில் கறுப்புக் கொடி நட்ட வெள்ளை கேன், மஞ்சள் உருண்டை என்று விதவிதமாக மிதக்கிறது. பயிற்சிப் புத்தகத்தில் கறுப்பு மஞ்சள் மிதவை, உச்சியில் இரண்டு கூம்பு என்று படமும் இருக்கிறது, ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. எதற்குப் பக்கத்தில் குதிக்கலாம்?
(வாசகர், மண்டபம்)

பதில்: குதிப்பதற்கு முன்னால் இதை யார் போட்டார்கள் என்று பாருங்கள். நம் பக்கம் கண்ணில் படுகிற மிதவைகளில் பெரும்பாலானவை மீனவர்கள் போட்டவை, அவற்றுக்கு எந்தப் புத்தகத்திலும் படம் கிடையாது. நீங்கள் பார்த்த கொடிக்கம்பு அநேகமாக வலையின் ஒரு முனை. இன்னொரு முனையிலும் ஒரு கொடியோ கேனோ இருக்கும், இரண்டுக்கும் நடுவில் நண்டு வலையோ வேறு வலையோ தரையோடு தரையாக நீண்டு கிடக்கும். ஒரு கொடியைப் பார்த்தால் அடுத்த கொடி எங்கே என்று கண்ணால் தேடிக் கண்டுபிடிக்காமல் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். நைலான் வலை கலங்கல் தண்ணீரில் ஒரு கை தூரத்தில்கூடத் தெரியாது, சிலிண்டர் வால்விலும் கால் துடுப்பின் கொக்கியிலும் மாட்டிக்கொண்டால் திரும்பிப் பார்க்கப் பார்க்க இன்னும் இறுகும். சின்னக் கத்தியோ நூல் அறுக்கும் கருவியோ கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், காலில் மட்டும் கட்டிக்கொண்டு போனால் சிக்கிய நேரத்தில் எட்டாது.

நீவாடு (நீரோட்டம்) வலுத்த நேரத்தில் மிதவையே தண்ணீருக்குள் இழுபட்டு மறைந்துபோகும், இதையும் நினைவில் வையுங்கள். நேற்று பார்த்த கொடி இன்று இல்லை என்றால் வலையை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதே மிதவை உங்களுக்கு ஒரு உதவியும் செய்யும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் பின்னால் தண்ணீர் எவ்வளவு தூரம் சுழித்துக்கொண்டு போகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நீரோட்டம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்பது தெரிந்துவிடும். சுழிப்பு நீளமாக இருந்தால் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் இன்னொன்று. அங்கே சங்கு குளிப்பவர்கள் உண்டு. வள்ளம் ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது, மேலே ஒருவர் மட்டும் கயிற்றையோ காற்றுக் குழாயையோ பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் கீழே ஆள் இருக்கிறார். இன்ஜினைத் தூக்கிவிட்டு விலகிப் போங்கள்.

மஞ்சள் உருண்டைக்கு வருவோம். மஞ்சள் நிறம் உலகம் முழுக்க சிறப்புக் குறி, அலையையும் நீரின் வெப்பத்தையும் அளக்கிற கருவி மிதவைகளும் அந்த நிறத்தில்தான் வரும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1996 முதல் இப்படிப்பட்ட மிதவைகளை நம் கடல்களில் நிறுத்தி வருகிறது, புயல் எச்சரிக்கைக்கே அந்தத் தகவல் போகிறது. மிதவைக்கு அடியில் மீன் கூடும் என்பதால் படகைக் கொண்டுபோய்க் கட்டி, கருவி உடைந்துபோன சம்பவங்கள் நிறைய. தயவுசெய்து தொடக்கூட வேண்டாம்.

சரி, அந்தக் கூம்பு. கறுப்பு மஞ்சள் மிதவை ஒரு திசையின் பெயரைச் சொல்கிறது, அந்தத் திசையில்தான் பாதுகாப்பான தண்ணீர் இருக்கிறது. வடக்கு மிதவை என்றால் அதற்கு வடக்கே போகலாம், பாறையோ பாரோ (பவளத்திட்டோ) மணல்திட்டோ தெற்கே கிடக்கிறது. இரண்டு கூம்பும் மேலே பார்த்தால் வடக்கு, கீழே பார்த்தால் தெற்கு, அடியும் அடியும் ஒட்டியிருந்தால் கிழக்கு, நுனியும் நுனியும் சேர்ந்து உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்திருந்தால் மேற்கு. கூம்பின் நுனி காட்டுகிற இடத்தில்தான் கறுப்பு இருக்கும், வடக்குக்கு மேலே, தெற்குக்குக் கீழே, கிழக்குக்கு மேலும் கீழும், மேற்குக்கு நடுவில். இரவில் வெள்ளை விளக்கு கிழக்குக்கு 3 முறை, தெற்குக்கு 6 முறை (அதோடு ஒரு நீண்ட ஒளி), மேற்குக்கு 9 முறை மின்னும், வடக்கு நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கும். கடிகார முள்ளை நினைத்தால் மறக்காது. ஆனால் இரவில் வலைகளிலும் மீனவர்கள் பேட்டரி விளக்கு கட்டுகிறார்கள், சிவப்பு, பச்சை எல்லாம் மின்னும். அதைத் துறைமுக விளக்கு என்று நம்பிப் படகைத் திருப்பிவிடாதீர்கள்.

கறுப்பில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்புப் பந்து என்றால் ஆபத்து அந்த மிதவைக்கு நேர் கீழேயே. நீலமும் மஞ்சளும் செங்குத்துக் கோடுகளாக இருந்தால் புதிதாக ஒரு கப்பல் மூழ்கியிருக்கிறது. 2002 டிசம்பரில் இங்கிலீஷ் கால்வாயில் டிரைகலர் என்ற கார் ஏற்றிய கப்பல் மோதி மூழ்கி, எச்சரிக்கை வைத்த பிறகும் இன்னும் இரண்டு கப்பல்கள் வந்து அதன்மேல் ஏறின. அதற்கப்புறம்தான் இந்த மிதவையே வந்தது. புதுச் சிதைவைப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும், ஆனால் அது இன்னும் அசைந்துகொண்டிருக்கிற இரும்பு, போக வேண்டாம்.

கேள்வி: நங்கூரம் போட்டால் பவளம் உடைகிறது என்கிறார்கள். அப்படியானால் ஏதாவது மிதவையில் படகைக் கட்டிக்கொள்ளலாமா?
(வாசகி, பாம்பன்)

பதில்: கூடாது. படகு கட்டுவதற்கென்றே போட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கட்டலாம். இல்லையென்றால் பாரைத் தாண்டி மணல் தரையில் நங்கூரம் போடுங்கள், அல்லது படகை இன்ஜினோடு நிறுத்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். தீவுப் பக்கம் என்றால் அதற்கு முன்னாலேயே வனத்துறை அனுமதி வேண்டும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் இருந்து தேசியப் பூங்கா.

கேள்வி: மகன் அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியில் டைவிங் போகிறான். சிவப்பு மிதவையை வலப்பக்கம் வைத்துத்தான் உள்ளே வர வேண்டும் என்கிறான். இங்கே நான் கற்றது நேர்மாறாக இருக்கிறதே? வெள்ளை மிதவையில் ஆரஞ்சு வைர வடிவம் வரைந்த படமும் அனுப்பினான்.
(வாசகர், கீழக்கரை)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இந்தியாவில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் இது தலைகீழ். ஏரியில் "உள்ளே வருவது" எது என்ற குழப்பம் வேறு. மிச்சிகனும் சேர்ந்த அமெரிக்கப் பேரேரிகளில் வடக்கும் மேற்குமாகப் போவதை உள்ளே போவதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள், மிச்சிகன் ஏரியில் மட்டும் தெற்கு நோக்கி.

ஆரஞ்சு வைரம் ஆபத்துக் குறி: பாறை, மூழ்கிய மரம், அணைக்கட்டு. வைரத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் படகு நுழையவே கூடாது, வைரத்துக்குப் பதில் வட்டம் இருந்தால் வேகக் கட்டுப்பாடு, சதுரம் இருந்தால் வெறும் தகவல். வெள்ளையில் நீலப் பட்டை இருந்தால்தான் படகு கட்டும் மிதவை. சிவப்பில் மூலைக்கு மூலை வெள்ளைக் கோடு போட்ட கொடி அங்கே ஆள் கீழே இருக்கிறார் என்பதற்கான அடையாளம், படகுக்காரர்கள் விலகிப் போவார்கள். மகன் இங்கே லீவுக்கு வந்தால் அந்தக் கொடியை நம்பி இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளையும் நீலமுமான சர்வதேச டைவிங் கொடியைக்கூட நம் மீனவர்களில் பலர் பார்த்ததில்லை. வள்ளத்தில் குரல் கொடுக்க ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கடல்பாசி வளர்க்கிறோம். டைவிங் ஆட்களை ஏற்றி வரும் படகு தெப்பத்துக்கு மேலேயே ஓட்டிக் கயிற்றை அறுத்துவிட்டுப் போகிறது. கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள்.
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: அக்கா, உங்கள் கோபம் நியாயமானது, இந்தப் பதில் படகில் போகிறவர்களுக்காக. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம் தண்ணீர் மட்டத்தோடு கிடக்கும், காலை வெயில் எதிரே அடித்தால் மூங்கில் நுனி மட்டும்தான் தெரியும், அதையும் மிதக்கும் குப்பை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு தெப்பம் தெரிந்தால் வரிசையாகப் பல இருக்கும், எல்லாம் கயிற்றால் கோத்து நங்கூரத்தில் கட்டியவை. ஒரு விளைச்சலுக்கு 45 நாள் ஆகிறது, கயிறு அறுந்தால் அந்த நாட்கள் மொத்தமும் வாடைக் காற்றோடு போய்விடும். வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) கரையோரம் மெதுவாக ஓட்டுங்கள், புது இடம் என்றால் கரையில் பாசி காயப்போடுகிற பெண்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள், எங்கே தெப்பம் கிடக்கிறது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. நீங்களும், முடிந்தால், வரிசையின் நான்கு மூலையிலும் உயரமான கம்பில் பளிச்சென்று ஒரு துணி கட்டிவிடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிப் பக்கம் பெரிய மிதவை ஒன்று கரை ஒதுங்கிக் கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வரலாமா?
(மாணவர், ராமேஸ்வரம்)

பதில்: வேண்டாம் தம்பி. உள்ளே பேட்டரியோ கருவியோ இருக்கலாம், வேறு நாட்டிலிருந்து அறுந்து வந்ததாகவும் இருக்கலாம். தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். கடலில் ஆள் யாராவது ஆபத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் எண் 1554.